கொடி ஏறின கிழமையில் பதிந்த பாட்டு

என் பிள்ளைகளே, மூன்று பேரும் இப்படிப் பக்கத்தில் வந்து இருந்துகொள்ளுங்கள்.

உங்கள் உம்மா இறந்து ஒரு வருடம் நிறைவதற்கு ஓதும் கத்தத்துக்கு வருகிறவர்களின் கையில் யாசீன் பிரதியோடு உம்மாவைப் பற்றி ஒரு சிறு மலரும் கொடுக்க வேண்டுமென்று பெரியவன் சொன்னான். “வாப்பா, நீங்கதான் எழுதணும்” என்றும் சொல்லிவிட்டான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வட்டைக்குள் இறங்கி வரம்பு கட்டச் சொன்னால் கட்டுவேன். எழுத்து எனக்கு அவ்வளவு வராது. என்றாலும் உம்மாவுடைய கடைசி மாதங்களில் அவருக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு யாரும் கோர்வையாகச் சொல்லவில்லை. நீங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் பள்ளிக்கூடம், குர்ஆன் பள்ளி என்று ஓடித் திரிந்தவர்கள். அதனால் உங்களுக்குச் சொல்வது போலவே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் நண்பர்களும் அருகில் இருந்து கேட்பது போல வாசித்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உம்மா பிறந்தது நற்பிட்டிமுனையில். தன் உம்மாவைச் சிறு வயதிலேயே இழந்தவர். தாய் இல்லாத வீட்டில் தம்பிமாரைக் குளிப்பாட்டி, உலை வைத்து, வாப்பாவுக்கு வயலுக்குச் சோறு கட்டிக் கொடுத்து வளர்ந்தவர். படிக்க ஆசை இருந்தது, ஆனால் படிக்க விடவில்லை. குர்ஆன் ஓதுவதற்கு மட்டும் ஒரு லெப்பையிடம் அனுப்பினார்கள். நம் வழக்கப்படி கலியாணம் முடிந்த கையோடு நான் ஒரு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு உம்மாவின் வீட்டுக்கு வந்தேன். இன்றைக்கும் இது உம்மாவின் வீடுதான். நான் வந்த மாப்பிள்ளை. அதை உம்மா அடிக்கடி ஞாபகப்படுத்துவார். நான் கோபித்துக்கொண்டு எழும்பினால், “எங்க போறீங்க? சூட்கேஸ் பரணில இரிக்கி, எடுத்துத் தரவா?” என்று கேட்பார். நான் திரும்ப இருந்துவிடுவேன்.

நாவிதன்வெளிப் பக்கம் நான் செய்த வெள்ளாமை சில போகம் தண்ணீரில்லாமல் கருகியது, சில போகம் வெள்ளத்தோடு போனது. அந்தக் காலமெல்லாம் உம்மா பிறத்தியாருக்கு நெல் அவித்துக் கொடுத்து அடுப்பு எரியவிட்டார். கை முழுக்கச் சூட்டு வடு. அதை யாருக்கும் காட்டமாட்டார். வாசலுக்கு வந்தவரைத் தேத்தண்ணி குடிக்காமல் அனுப்பமாட்டார். சீனி இல்லாத நாளில் கருப்பட்டித் துண்டு. அதுவும் இல்லாத நாளில், “இண்டைக்கு உங்களுக்குச் சீனி நல்லதில்ல, முகத்தப் பார்த்தாலே தெரியுது” என்று சிரித்துச் சமாளிப்பார்.

அவரிடம் இருந்த ஒரு தன்மையை ஊரே அறியும். ஆண்கள் வாசலில் வந்து சலாம் சொன்னால் நம் பெண்கள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்வார்கள். வந்தவர் யாரென்று குரலை வைத்தே அறிய வேண்டும். எல்லாப் பெண்களுக்கும் இது ஓரளவு வரும். உம்மாவுக்கு வந்தது வேறு மாதிரி. சலாமில் பாதி சொல்லும்போதே உள்ளேயிருந்து என்னிடம் சொல்லுவார்: “ஆதங்காக்கா. தடிமன் புடிச்சிரிக்கி. இஞ்சி போட்டு ஊத்துறன்.” வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டை விதானையார் சண்டைக்கு வந்தால், “விதானையார் சிரிச்சிக்கிட்டு சலாம் சொல்றார், ஆனா உள்ளுக்குக் கோவம். நீங்க இல்ல எண்டு சொல்லவா, இரிக்கிறீங்களா?” என்பார். பல வருடம் சவூதியில் இருந்துவிட்டு வந்த தன் கடைசித் தம்பி, குரலை மாற்றி, பிச்சைக்காரன் போல வாசலில் நின்று சலாம் சொன்னான். “உள்ளுக்கு வாடா, சோறு ஆறுது” என்று இவர் குசினிக்குள் இருந்தே சொன்னார். அவன் அழுதுவிட்டான்.

இனி உங்கள் மூத்த ராத்தாவை, எங்கள் முதல் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியவனுக்குக் கொஞ்சம் நினைவிருக்கும். மற்ற இருவரும் அவளைக் காணவில்லை. சூறாவளி அடித்த அன்று நம் கூரையின் மேல் தென்னை விழுந்தது. மற்ற எல்லாரையும் வெளியே எடுத்தோம். அவள் அந்த இடத்திலேயே போய்விட்டாள். இதற்கு மேல் அதை எழுத என்னால் ஏலாது. மழை விட்டுப் பார்த்தபோது அவளுடைய கொப்பி, சட்டை, பை ஒன்றும் மிஞ்சவில்லை. அவளைப் படம் பிடித்து வைத்திருக்கவுமில்லை.

பிறகு சின்னவளும் சின்னவனுமாக நீங்கள் இருவரும் பிறந்தீர்கள், வீடு திரும்ப எழும்பியது, உம்மா சிரித்தார், ஏசினார், சமைத்தார். வெளியில் பார்த்தவர்கள் மறந்துவிட்டார் என்றே நினைத்திருப்பார்கள்.

உம்மாவின் சிறுநீரகம் பழுதென்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் அந்தக் கதை வெளியே வந்தது. கால் வீங்கி, கட்டிலில் சாய்ந்திருந்தவர் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இஞ்ச வந்து இரிங்க. ஒரு கதை.”

இருந்தேன்.

“அவட முகம் எனக்கு அப்படியே இரிக்கி. குரல்தான் தூரத் தூரப் போகுது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“மூத்தவட குரல். அவ ‘உம்மா’ எண்டு கூப்புடுற சத்தத்த நெனச்சி நெனச்சிப் பாக்கன். சில நாள் சரியா வருது. சில நாள் சின்னவட குரலா வருது. ஊரில இரிக்கிற எல்லார்ர குரலும் தெரியும். பெத்த புள்ளைட குரல மறந்திட்டு மறுமைக்குப் போனா, அங்க அவ கூப்புடக்க நான் எப்படி அறிவன்?”

நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. தன் கதையைத் தொடர்ந்தார்:

“சூறாவளி வருசம் கொடி ஏறின கிழமை, கொழும்பால றேடியோக்காரர் வந்து பள்ளிக்கூடத்துப் புள்ளையள்ர பாட்டப் புடிச்சிட்டுப் போனாங்களே. ஆறு பொம்புளப் புள்ளையள். நம்மட புள்ளையும் நிண்டாளே. அத எப்ப போட்டாங்க எண்டும் நமக்குத் தெரியாமப் போச்சு. அது இன்னும் இரிக்குமா?”

“அத்தனை வருசத்துக்குப் பொறகு அத ஆரு வச்சிரிப்பாங்க?”

“ஏன்? நீங்க வெட்டுற நெல்லெல்லாத்தையுமா விக்கிறீங்க? விதநெல்லு எண்டு கொஞ்சம் எடுத்து வைக்கிறல்லியா? அவங்களும் வச்சிரிப்பாங்க. போய்க் கேளுங்க.”

நான் நம் ஊர்ப் பொது நூலகத்துக்கு அதற்குமுன் போனதில்லை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் நின்றேன். நூலகர் நல்ல மனிதர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, கொழும்பில் வானொலிக்கென்றே ஒரு ஒலி நூலகம் இருக்கிறது, அங்கே புத்தகங்களுக்குப் போல நாடாக்களுக்கும் அட்டை எழுதி அடுக்கியிருப்பார்கள், அட்டை கிடைத்தால் நாடா கிடைக்கும் என்றார். “பாட்டின் முதல் அடி, பாடினவர் பெயர், பதிந்த திகதி. இந்த மூன்றில் ஒன்றாவது வேண்டும், நானா” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார். முதல் அடியை உம்மா உடனே சொன்னார்: ‘கரை தேடும் கப்பலுக்குக் காவல் நீயே றஹ்மானே.’ பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பழகி, வீட்டுக்கு வந்தும் முணுமுணுத்த பாட்டு. திகதியும் தெரியும் என்றே நான் நினைத்தேன். கொடி ஏறின கிழமை. அந்தக் கிழமைதான் கடற்கரையில் அந்த வருடத்துக் கொடியும் ஏறி முடிந்திருந்தது. தை மாதக் கடைசி. நல்ல சகுனம் என்று எண்ணிக்கொண்டு அம்பாறை வழியாகக் கொழும்புக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே ஒலி நூலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மையார் இருந்தார். சுவர் நீளத்துக்குச் சிறு சிறு இழுப்பறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் அட்டைகள் நெருக்கமாக நின்றன. நான் முதல் அடியைச் சொன்னேன்.

“சிறுவர் நிகழ்ச்சிகளுக்கு முதல் அடியால் அட்டை இல்லை, ஐயா. பதிந்த திகதிப்படிதான் அடுக்கியிருக்கிறோம். திகதி தெரியுமா?”

“கொடி ஏறின கிழமை, அம்மா.”

“எந்தக் கொடி?”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொடி என்றால் தெரியாத ஒருவரை நான் அன்றுதான் கண்டேன். நாகூர் நாயகத்தின் பேரில் எங்கள் கடற்கரைப் பள்ளியில் வருடா வருடம் ஏற்றுகிற கொடி என்று விளக்கிச் சொன்னேன். “அது எந்த மாதம் வரும்?” என்று கேட்டார். “தைக் கடைசி, மாசி தொடக்கம்” என்றேன். அவர் சூறாவளி வருடத்து சனவரி இழுப்பறையை எடுத்தார். ஒவ்வொரு அட்டையாக விரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு பெப்ரவரி. என் முகத்தைப் பார்த்துவிட்டு மார்ச்சையும் பார்த்தார். அம்பாறைக் கரையிலிருந்து ஒன்றுமில்லை.

“பழைய நாடாவை அழித்து மேலே புதியதைப் பதிவதும் உண்டு, ஐயா. எல்லாவற்றையும் வைத்திருக்க இடமும் இல்லை, நாடாவும் இல்லை. மனம் நோகவேண்டாம்.”

வந்த வழியே திரும்பினேன். பஸ்ஸில் முழு வழியும் உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்தேன். வீட்டுக்கு வந்து, “இல்லையாம்” என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன்.

உம்மா அழவில்லை. “எப்படிக் கேட்டீங்க?” என்றார்.

“தை, மாசி எண்டு கேட்டன்.”

“ஏன் தை, மாசி?”

“கொடி இப்பதானே ஏறினது?”

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். மூச்சு வாங்கும் வரைக்கும் சிரித்தார்.

“யா அல்லாஹ், இந்த மனிசனக் கொழும்புக்கு அனுப்பினனே! அண்டைக்கு வெயில் காலத்துக் கச்சான் காத்து அடிச்சது. மைக்கில காத்துச் சத்தம் விழுது எண்டு றேடியோக்காரர் ஜன்னலெல்லாத்தையும் சாத்தப் போட்டாங்களாம். புள்ள வீட்ட வரக்க புதுச் சட்ட வேர்வையில முதுகோட ஒட்டிக்கிட்டுக் கெடந்தது. பிழிஞ்சா தண்ணி வடியும். தை மாசத்திலயா கச்சான் அடிக்கும்? தையில மழையெல்லுவா பெய்யும்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் மாதங்கள் பிறை கண்டு பிறப்பவை. மௌலூது மாதம், கொடி ஏறுகிற நாகூரார் மாதம், விராத்து மாதம், நோன்பு மாதம் என்று அவை வருடா வருடம் முன்னுக்கு முன்னுக்கு நகர்ந்துகொண்டே போகும். மழைக்கு ஏறின கொடி வெயிலுக்கும் ஏறும். நோன்பு எந்தக் காலத்திலும் வருவதைக் கண்டவன்தான் நானும். இருந்தும், பிறப்பையும் இறப்பையும் கலியாணத்தையும் அந்த மாதங்களை வைத்தே சொல்லிப் பழகின நாக்கு, கொழும்பு அட்டையில் நிற்பது இங்கிலீசு மாதம் என்பதை நினைக்கவில்லை. பிறகு பள்ளிவாசல் லெப்பையோடு இருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். சூறாவளி வருடம் கொடி ஏறியது வைகாசியில்.

உடனே போக முடியவில்லை. யுத்தத்தால் ரோட்டு மூடிக் கிடந்தது. காலம் எப்படியிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். பஸ் ஓடத் தொடங்கியதும் உம்மாவே என் சட்டையை மடித்து வைத்தார். “இந்த முறை கச்சான் எண்டு சொல்லுங்க, கொடி எண்டு சொல்லாதீங்க” என்றார்.

அம்மையார் என்னை மறக்கவில்லை. மே மாத இழுப்பறையை எடுத்தார். அட்டை இருந்தது. பள்ளிக்கூடத்தின் பெயர், ‘மாணவியர் அறுவர், குழுப்பாட்டு’ என்று ஒரு வரி, நாடாவின் இலக்கம். அவ்வளவுதான். அந்த நாடா ஏன் தப்பியது என்றும் அம்மையார் தேடிச் சொன்னார். அதே சுருளின் முன்பகுதியில், அந்தக் கிழமை கடற்கரையில் பக்கீர்மார் றபான் மேளம் அடித்துப் படித்த பைத்துப் பாட்டைப் பதிந்திருந்தார்கள். அதை அழிக்கக் கூடாதென்று எடுத்து வைத்திருந்தார்கள். அதன் வாலில் ஒட்டிக்கொண்டு பிள்ளைகளின் பாட்டும் பிழைத்திருக்கிறது.

என் காதில் பெரிய இரண்டு மூடிகளை மாட்டினார்கள். சுருள் சுழன்றது. றபான் ஓய்ந்தது. ஒரு ஆண் குரல் ஊர்ப் பெயரைச் சொன்னது. பிறகு ஒரு சின்னப் பெண்பிள்ளையின் குரல் தனியாக, ‘கரை தேடும் கப்பலுக்கு’ என்று எடுத்தது. மற்றப் பிள்ளைகள் பின்னால் சேர்ந்தார்கள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். “இது என்ட மகள், இது என்ட மகள்” என்று சொன்னேனாம். அம்மையார் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மேலதிகாரியிடம் தானே போய் அனுமதி வாங்கி, நான் கொண்டுபோன கசட்டில் பாட்டைப் பதிந்து தந்தார்.

உம்மாவின் தம்பி சவூதியிலிருந்து கொண்டுவந்த றெக்கோடரைக் கட்டிலருகே வைத்தோம். உம்மா எழும்பி இருந்து முக்காட்டை இழுத்துவிட்டார். பெரியவர் யாரோ வீட்டுக்கு வருவதைப் போல. நான் பொத்தானை அமத்தினேன். தனிக்குரல் எடுத்ததும், “கேட்டீங்களா? மூத்தவ!” என்றேன்.

உம்மா கையால் என்னை அமர்த்தினார். முழுப் பாட்டையும் கேட்டார். திரும்பப் போடச் சொன்னார். கேட்டார்.

“அது அவ இல்ல” என்றார்.

“எது?”

“முன்னுக்கு எடுக்கிற குரல். அது நசீமா. பக்கத்து வளவு நசீமா.”

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு தரம் கொழும்புக்குப் போய்வந்த கால் என்னுடையது. “சும்மா இரிங்க, எனக்குத் தெரியாதா?” என்றேன். அன்று பின்னேரம் நசீமாவின் உம்மா வந்தார். முதல் அடி கேட்டதும் கையை உதறிக்கொண்டு, “வல்லாஹி, இது என்ட நசீமா! கேளுங்க, மூக்கால எடுக்கிறாள். இப்பவும் அப்படித்தான் புள்ளைக்குத் தாலாட்டுப் படிக்காள்” என்றார். உம்மா, “ஓம் மச்சி, உங்கட மகள்தான். வடிவாப் படிக்கிறாள்” என்று சொல்லி, அந்தத் துண்டை அவருக்காகத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்.

அவர் போன பிறகு என்னிடம் கேட்டார்: “அப்ப நம்மட புள்ள எங்க?”

அதிலிருந்து நோன்பு தொடங்கும் வரைக்கும் உங்கள் உம்மாவுக்கு அதே வேலை. நீங்கள் பள்ளிக்கூடம் போனதும் றெக்கோடரைக் காதருகே வைத்துக்கொள்வார். ஒரு குரலைப் பிரித்து எடுப்பார். “இது ஹாஜியார் வீட்டுப் புள்ள. இது தையல்காரர்ர மகள்.” இன்னொன்றைப் பிடிப்பார். “இது அவட தங்கச்சி.” ஐந்து பேரையும் பிரித்துவிட்டார். ஆறாவது குரல் அகப்படவில்லை. ஒருநாள் நான் வயலால் வந்தபோது றெக்கோடர் கட்டிலின் கால்மாட்டில் கிடந்தது. உம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“என்ன?” என்று கேட்டேன்.

“நான் மறந்திட்டன்.”

“அப்படிச் சொல்லாதீங்க.”

“அஞ்சி பேர்ர புள்ளையளத் தெரியுது. என்ட புள்ளயத் தெரியல்ல. இதில நிக்காள், என்ட காதுக்குப் பக்கத்தில நிண்டு படிக்காள், எனக்குத் தெரியல்ல. நான் என்ன உம்மா?”

கசட்டைக் கொண்டுவராமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அவரிடம் இருந்த கொஞ்சத்தையும் நானே கொழும்பிலிருந்து சுமந்துவந்து பறித்துவிட்டது போலிருந்தது.

நசீமா கலியாணம் முடித்து, மாப்பிள்ளையின் தொழிலுக்காகப் பொத்துவிலில் இருந்தாள். அறுகம்பேக் கரையில் வெள்ளைக்காரர் தங்குகிற விடுதியொன்றில் அவருக்குச் சமையல் வேலை. நோன்புக்கு அவள் தாய் வீட்டுக்கு வந்தவள், கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு உம்மாவைப் பார்க்க வந்தாள். தன் பாட்டைக் கேட்க ஆசை அவளுக்கு. உம்மா தலையணைக்குக் கீழேயிருந்து கசட்டை எடுத்துக் கொடுத்தார். நசீமா கேட்டாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“என்ன மாமி, ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தியிரிக்கன்!”

“நல்லாத்தான் இரிக்கி புள்ள. நீ ஒண்டு சொல்லு. நம்மட மூத்தவ எந்தப் பக்கம் நிண்டா? அவட குரல் எது?”

நசீமாவின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தாள். குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

“மாமி, அவ பாடல்லியே.”

“என்ன?”

“அண்டைக்கு அவக்குத் தொண்ட கட்டிட்டு மாமி. சத்தமே வரல்ல. டீச்சர் சொன்னா, ஆறு பேர் எண்டு எழுதிக் குடுத்திட்டம், நீ நிண்டு வாய மட்டும் அசை எண்டு. அவ அப்படியே வாய அசைச்சா. உங்கக்கிட்டச் சொல்ல வேணாம் எண்டு எங்க எல்லார்க்கிட்டயும் சத்தியம் வாங்கினா. ‘உம்மா எனக்கெண்டு புதுச் சட்ட தைச்சிரிக்கா, கேட்டா அழுவா’ எண்டு சொன்னா.”

உம்மா றெக்கோடரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வெளியே யாரோ விறகு கொத்திக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்:

“அப்ப அவ இதில இல்ல.”

“இல்ல மாமி.”

“ஒரு சொல்லும் இல்ல.”

“இல்ல மாமி. என்ன மன்னிச்சிக்குங்க மாமி.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் உம்மா. இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். “நான் மறக்கல்ல. கேட்டீங்களா? நான் மறக்கல்ல. இல்லாதவளத் தேடினா எப்படிக் கெடைப்பாள்?”

அழுதுகொண்டே சிரித்தார். நசீமாவும் அழுதாள், அவளைப் பார்த்துக் குழந்தையும் அழுதது. கொஞ்சம் தெளிந்ததும் உம்மாவுடைய நாக்கு பழையபடி திரும்பிவிட்டது. என்னைக் காட்டி நசீமாவிடம் சொன்னார்: “உன்ட மாமா கொழும்பில மேசையப் புடிச்சிக்கிட்டு அழுதிரிக்கார். ஆர்ர குரலுக்கு? உன்ட குரலுக்கு! ஊரான்ட மகளுக்கு அழுதிட்டு வந்த மனிசன்.”

அன்றிலிருந்து அவர் கசட்டைக் கேட்கவில்லை. தேவைப்படவில்லை. “இப்ப தெளிவாக் கேக்குது” என்று ஒருநாள் சொன்னார். “சின்னவட குரல் குறுக்க வாறல்ல. ‘உம்மா’ எண்டு சொல்லக்க கடைசி எழுத்த இழுக்கிறவ, அதுவும் கேக்குது.” நான், “எப்படி இழுக்கிறவ?” என்று கேட்டேன். சொல்லிக் காட்டப் பார்த்தார். இரண்டு தரம் முயன்றார். “இல்ல, இது என்ட குரல். அவட மாதிரி வருதில்ல” என்று விட்டுவிட்டார்.

நோன்புப் பெருநாள் கழிந்து, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் உங்கள் உம்மா மௌத்தானார். தண்ணீர் கேட்டார், இரண்டு மிடறு குடித்தார், கலிமா சொன்னார். முகம் அமைதியாக இருந்தது. பிள்ளைகளே, அதில் எனக்கு ஆறுதல் இருக்கிறது. ஆனால் உங்களிடம் மறைக்கவும் விரும்பவில்லை. உங்கள் ராத்தாவின் குரல் எனக்கு நினைவில் இல்லை. நசீமாவின் குரலுக்கு அழுத அன்றே அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குரல் இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் உம்மாவின் காது. இரண்டு பேரையும் ஒரே கபுரில் வைத்து மண் தள்ளியது போலத்தான் அன்று மையவாடியில் நின்றேன்.

உங்கள் உம்மாவின் வருத்த காலத்திலும் மௌத்திலும் எங்களோடு நின்றவர்கள் பலர். ஊரடங்கு நாளிலும் மெதடிஸ்த கோயில் வீதியிலிருந்து நடந்து வந்து ஊசி போட்டுச் சென்ற தாதி அக்காவுக்கும், இரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், கபுர் வெட்டியவர்களுக்கும், குளிப்பாட்டிக் கபன் உடுத்திய பெண்களுக்கும், நாற்பது நாளும் எங்கள் வீட்டு அடுப்பை எரிய விடாமல் தங்கள் வீட்டுச் சோற்றைக் கொண்டுவந்த அயலவர்களுக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக. கொழும்பிலே முகம் தெரியாத ஒரு விவசாயிக்காக இழுப்பறை இழுப்பறையாகத் தேடிய அம்மையாருக்கும், வழி சொன்ன நூலகருக்கும், மறைக்காமல் உண்மையைச் சொன்ன நசீமாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். உம்மா கதைத்ததை அழகு தமிழாக மாற்றலாமா என்று அச்சகத்துத் தம்பி கேட்டார். வேண்டாம், அவர் கதைத்தபடியே இருக்கட்டும் என்றேன். அப்படியே அடித்துத் தந்தார். அவருக்கும் நன்றி. இதை வாசிக்கிற ஒவ்வொருவரும் உம்மாவுக்காக ஒரு ஃபாத்திஹா ஓதிவிடுங்கள்.

இன்னும் ஒன்றே ஒன்று.

சென்ற மாதம் நீங்கள் மூவரும் பள்ளிக்கூடம் போன நேரம், வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அலுமாரியிலிருந்து கசட்டை எடுத்தேன். அந்த றெக்கோடர் மாதக்கணக்காக உம்மாவின் தலைமாட்டில் இருந்தது. நம்மில் ஒருவரும் அவருடைய குரலைப் பதியவில்லை. பதிகிற சிவப்புப் பொத்தானைச் சின்னவன் தொடப்போனால், “அத அமத்தாத மனே, ராத்தாட பாட்டு அழிஞ்சிரும்” என்று உம்மாதான் தடுப்பார். ஒருவேளை எப்போதாவது அவன் தெரியாமல் அமத்தியிருப்பானோ, உம்மா அவனை ஏசின ஒரு சொல்லாவது உள்ளே விழுந்திருக்குமோ என்று ஒரு எண்ணம்.

கசட்டைத் திருப்பி, ஒன்றும் பதியாத பக்கத்தைப் போட்டேன். றெக்கோடரை மடியில் வைத்துக்கொண்டேன். இரைச்சல் மட்டும் ஓடியது. நாடா முடிந்து பொத்தான் தானாக எழும்பும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.